இரவல் மதில்

நம் வீடுகளில் ஒரு காலத்தில் 'அரிக்கேன் விளக்கு' என்று ஒரு சாமான் இருந்தது. மின்சாரம் வந்து பல வருஷங்கள் ஆன பிறகும் அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை. அடுக்களை மூலையில் ஓர் ஆணியில், கண்ணாடியில் புகை படிந்து தொங்கிக்கொண்டிருக்கும். 'அரிக்கேன்' என்றால் என்ன என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அரிக்கேன் துரை என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் அந்த விளக்கைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றுதான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

பிற்பாடுதான் தெரிந்தது, அது மனிதரின் பெயர் அல்ல, காற்றின் பெயர் என்று. மேற்கிந்தியத் தீவுகளின் ஆதிக்குடிகள் தங்கள் கடலில் எழும் பெரும் புயலை ஏறக்குறைய அப்படித்தான் அழைத்தார்கள். ஸ்பானிய மாலுமிகள் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார்கள். ஆங்கிலேயர் அதைக் காற்றில் அணையாத விளக்குக்குச் சூட்டினார்கள். விளக்கு கப்பலேறி நம்மிடம் வந்து சேர்ந்தது. நாம் விளக்கை எடுத்துக்கொண்டு காற்றை விட்டுவிட்டோம்!

எந்தக் கரையையும்விடத் தூத்துக்குடிக் கரைக்கு இது நன்றாகப் பொருந்தும். புயல் என்பது பிற ஊர்க்காரர்களுக்கு வரும் சங்கடம் என்றே அந்தக் கரையின் ஜனங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்துக்கு வரும், கடலூருக்கு வரும், சென்னைக்கு வரும், மசூலிப்பட்டினத்துக்கு வரும். முத்துக் குளிக்கும் கரைக்கு ஏன் வரப்போகிறது?

1992 நவம்பரில் எனக்குப் பத்து வயது. பழைய துறைமுகத்துக்குப் போகும் தெரு ஒன்றில் ஆச்சியின் வீட்டில் இருந்தேன். ரேடியோவில் புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் கிடையாது என்ற சந்தோஷத்தில் நான் ஆச்சியிடம் ஓடிப் போய், "ஆச்சி, புயல் நம்ம ஊருக்கு வருதாம்!" என்றேன்.

ஆச்சி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா கெடல. நடுவுல சிலோன் கெடக்கு. எந்தக் காத்தும் அதத் தாண்டித்தான் இங்க வரணும். தாண்டுறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கிரும்" என்றாள்.

பூகோளம் படித்தவள் அல்ல ஆச்சி. ஆனாலும் அவள் சொன்னது பெரும்பாலும் சரியான விஞ்ஞானம். அன்று மட்டும் அது பலிக்கவில்லை. நவம்பர் 12-ஆம் தேதி இலங்கையைத் தொட்ட அந்தப் புயல், 13-ஆம் தேதி தூத்துக்குடிக்கு அருகே கரையேறியது. ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று தெருவில் விழுந்து உடையும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மின்சாரம் போய்விட்டது. ஆச்சி எழுந்து போய் ஆணியிலிருந்து அரிக்கேன் விளக்கை எடுத்தாள். கதவு இடுக்கில் காற்று புகுந்து விளக்கையே ஊஞ்சலாட்டியது. சுடர் மட்டும் கண்ணாடிக்குள் நின்றது. சிலோனைப் பற்றி ஆச்சி அப்புறம் பேசவே இல்லை. மலைப் பக்கத்தில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி, ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. அந்தப் புயலிலும் வெள்ளத்திலுமாக ஏறத்தாழ 170 பேர் மாண்டார்கள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள்.

ஆச்சியின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புயலுக்குச் 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தவர் ஹென்றி பிடிங்டன். கல்கத்தாவில் இருந்த மனிதர். இளமையில் கப்பலோட்டியவர். புயலில் அகப்பட்டுத் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, எந்த மணிக்கு எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தார். காற்று நேராக வருவதில்லை, சுருண்ட பாம்பைப் போல வட்டமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்பதில் உறுதியாக நின்றார். சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848-ல் அந்தப் பெயரை உண்டாக்கினார். உலகம் முழுவதும் இன்று வழங்கும் சொல், வங்காள விரிகுடாவின் உபயம்!

இந்தப் பாம்புக்கு இரை, வெதுவெதுப்பான கடல். கடல்நீர் சூடாக இருக்கிற வரையில் அது உண்டு கொழுக்கும். தரையேறிவிட்டால் பட்டினி. நடுவே மலை இருந்தால் சுருளும் குலையும். வங்கக் கடலில் பிறந்து மேற்கு நோக்கி வரும் புயல் மன்னார் வளைகுடாவுக்குள் நுழைய வேண்டுமானால், முதலில் இலங்கை என்ற பெரிய தரையின் மேல் ஏறி இறங்கியாக வேண்டும். அந்தத் தீவின் நடுவே 8,000 அடிக்கு மேல் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. ஆச்சி சொன்ன 'மூச்சு வாங்குவது' இதுதான்.

இதற்கு வடக்கே சோழமண்டலக் கரையின் சரித்திரத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் புயல். 1746-ல் லபூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிடித்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை, அக்டோபரில் ஒரு புயல் வந்து அவருடைய கப்பற்படையைச் சின்னாபின்னமாக்கியது. ஆங்கிலேயரின் பீரங்கிகள் செய்ய முடியாததைக் காற்று ஓர் இரவில் செய்து முடித்தது. மசூலிப்பட்டினத்தில் 1864 நவம்பரில் கடல் ஊருக்குள் ஏறியதில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டார்கள். சென்னையில் கும்பினி நாளில் ஒரு வழக்கமே இருந்தது. அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கி விடுவார்கள். இனி டிசம்பர் நடு வரைக்கும் கப்பல்கள் இங்கே நிற்கலாகாது என்பது அதன் பொருள். கொடிமரத்தை இறக்குவது தோல்வியின் அடையாளம் என்பார்கள். அங்கே வருஷந்தோறும் காற்றின் முன்னால் கும்பினி தோற்றுக்கொண்டே இருந்தது.

தெற்கே மன்னார் வளைகுடாவில் கதை வேறு. அந்தக் கடலுக்கு நாலு காற்றுகள். வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான், தெற்கே இருந்து சோளகம். வாடை ஓய்ந்து கச்சான் கிளம்புவதற்கு நடுவே, மாசி கடைசியிலிருந்து சித்திரை வரையில், கடல் குளம் போலத் தெளிந்து கிடக்கும் ஒரு காலம் உண்டு. முத்துக்குளிப்பு என்ற மகத்தான தொழில் முழுவதும் அந்தச் சில வாரங்களுக்குள் அடங்கியது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடு வரையில் முத்துக் குளிப்பதாக மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைத்திருக்கிறார். சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரவாதிகளை அமர்த்தி, எடுத்த முத்தில் 20-ல் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தார்களாம். அரசனுக்குப் 10-ல் ஒரு பங்கு. சுறாவைக் கட்ட மந்திரம் இருந்தது. புயலைக் கட்ட ஒரு மந்திரவாதியை வைத்ததாக அவர் எழுதவில்லை. தேவைப்படவில்லை போலும்!

முத்துச் சிப்பிகள் படுத்துக் கிடக்கும் கடலடிப் பாறைகளுக்குப் 'பார்' என்று பெயர். அந்தப் பார்களுக்கும் சத்துரு இருந்தது. ஆனால் அது புயலல்ல. 1902-ல் ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இலங்கை அரசாங்கத்துக்காக வந்து மன்னார்ப் பக்கத்துப் பார்களை ஆராய்ந்தார். ஹார்னெல் அவருக்குத் துணை. பின்னாளில் சென்னை அரசாங்கத்தின் மீன் இலாகாவில் பெரிய பதவி வகித்தவர் இந்த ஹார்னெல்தான். 'பெரிய பார்' என்ற இடத்தில் இளஞ்சிப்பிகள் கம்பளம் விரித்தாற்போல் கணக்கில்லாமல் கிடப்பதைக் கண்டார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. இடையில் வந்து போனது தென்மேற்குப் பருவக்காற்று. அதன் நீரோட்டம் குஞ்சுச் சிப்பிகளை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். வருஷந்தோறும் சொல்லி வைத்தாற்போல் வரும் கச்சான்தான் இந்தக் கடலின் பழைய திருடன். அவனை எல்லோருக்கும் தெரியும். அவன் வரும் வாசலும் தெரியும்.

இப்படி ஒரு கரை, ஓய்ந்த கடலை நம்பியே இரண்டாயிரம் வருஷம் வாழ்ந்திருக்கிறது. கொற்கையில் வாழ்ந்தது. தாமிரபரணி வண்டல் கொட்டிக் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்த பிறகு காயலில் வாழ்ந்தது. காயலும் தூர்ந்த பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. கவனித்துப் பாருங்கள். இந்தத் துறைமுகங்களில் எதையும் புயல் அழிக்கவில்லை. ஆறு மெதுவாக, அவசரமில்லாமல், மண்ணைக் கொட்டி மூடியது. ஆற்றின் துரோகத்தைப் பற்றி இங்கே பரம்பரை ஞாபகம் உண்டு. புயலைப் பற்றி இல்லை.

ஆனால் அந்த மதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது. இலங்கையின் மலையெல்லாம் தீவின் நடுவிலும் தெற்கிலும்தான். வடபாதி வெறும் சமவெளி. தெற்கே கோட்டைச் சுவர், வடக்கே முள்வேலி என்று சொல்லலாம். அந்த வேலிக்கு நேர் எதிரே இந்தியக் கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல்தான் தனுஷ்கோடி.

தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் ஒரு பழைய போட்டி உண்டு. 1914-க்கு முன்னால் சென்னையிலிருந்து சிலோன் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்குவார்கள். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. ஆகவே நீராவிக் கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நிற்கும். படகில் ஏறிக் குலுங்கிக்கொண்டு போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். பிறகு ஓர் இரவு பிரயாணம். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றது இந்தத் தூத்துக்குடி-கொழும்பு வழிக்காகத்தான். அவர் சிறையிலிருந்து திரும்பிய அதே காலத்தில் அந்த வழியே தன் மதிப்பை இழந்துகொண்டிருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 20 மைல் தண்ணீர்தான். சென்னையில் வாங்கிய டிக்கெட்டிலேயே கொழும்பு போய்ச் சேரலாம். 'போட் மெயில்' என்ற பெயர் தமிழ்நாட்டுக் கதைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது! தூத்துக்குடியின் பிரயாணிகள் கூட்டம் ஒரே அடியாகத் தனுஷ்கோடிக்கு மாறியது.

மணலும் சவுக்குமாக இருந்த முனையில் ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் எல்லாம் முளைத்தன. 'இர்வின்', 'கோஷன்' என்ற இரண்டு கப்பல்கள் போவதும் வருவதுமாக இருந்தன. இருபுறமும் கடல், நடுவே ஒரு மணல் வரப்பு. அதன் மேல் ஓர் ஊர். பொறியியலாளர்கள் தூரத்தை அளந்தார்கள். காற்றை அளந்ததாகத் தெரியவில்லை. 50 வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது.

1964 டிசம்பர் 17-ஆம் தேதி அந்தமானுக்குத் தெற்கே ஒரு தாழ்வு தோன்றியது. பூமத்திய ரேகைக்கு மிகவும் அருகே, ஐந்தாவது அட்சரேகையை ஒட்டி. அவ்வளவு தெற்கே புயல்கள் பிறப்பது அபூர்வம். பூமியின் சுழற்சி தரும் திருகல் அங்கே போதாது. இது எப்படியோ பிறந்து, வளர்ந்து, 22-ஆம் தேதி இலங்கையை அடைந்தது. எந்த இடத்தில் கடந்தது? வவுனியாவுக்கு அருகே! அதாவது, வேலி இருந்த இடத்தில். மூச்சு வாங்க அதற்கு ஒரு மலைகூட இல்லை. மறுபக்கம் இறங்கியபோது எதிரே இருந்தது பாக் நீரிணை. பல இடங்களில் ஆறேழு பாகம்கூட ஆழமில்லாத கடல். ஆழக் கடலில் புயல் தள்ளும் தண்ணீர் கீழே இறங்கித் திரும்பிப் போக இடம் உண்டு. தட்டுப் போன்ற கடலில் இறங்க இடமில்லை. கரையில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. 23 அடி உயரத்துக்கு அலை வந்தது என்கிறார்கள். காற்று மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல்.

அன்று இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்பியது. எண் 653. பதிவில் கண்டபடி 110 பிரயாணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணினார்கள்? தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் தெரியவில்லை. விளக்கு அணைந்திருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் இருட்டு, மழை, இருபுறமும் இரைச்சல். சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, நீண்ட ஊதல் ஒன்று கொடுத்து வண்டியை நகர்த்தினார்.

ஒரு கதாசிரியன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. நின்றது எவ்வளவு நேரம்? அப்போது இன்ஜினில் இருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? பின்னால் போவது என்றால் மூன்றாவது மைலில் பாதை இருக்கிறதா என்று தெரியாது. முன்னால் போவது என்றால் நிலையம் இருக்கிறதா என்று தெரியாது. நின்றபடியே இருந்திருந்தாலும் அலை விட்டிருக்குமா? இருட்டில், விளக்கில்லாமல், ஒரு மனிதர் செய்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பெரும் அலை ஒன்று வண்டியை அப்படியே அள்ளிக்கொண்டது. ஒருவரும் மிஞ்சவில்லை.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றி ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. பத்தாம் எண்தான் மகா அபாயம் என்று நினைப்போம். பதினொன்றுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அற்றுப் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய அபாயம் என்று சொல்லக்கூட ஆளில்லாத அபாயம். அந்த இரவில் தனுஷ்கோடி முழுவதும் பதினோராம் எண்ணுக்குள்தான் இருந்தது. தந்தி இல்லை, டெலிபோன் இல்லை, பாலம் இல்லை. ஒரு ஊர் இல்லாமற்போன செய்தி வெளியுலகத்துக்கு வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. இரு நாடுகளிலுமாக மாண்டவர்கள் 1,800 பேர் என்று சொல்லப்படுகிறது. ராமேசுவரம் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் தப்பினார்கள்.

பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர் முழுகிய உத்தரங்களைத் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை மீண்டும் கட்டி முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்பாதையும் டில்லி மெட்ரோவும் கட்டியவர் அவரேதான். பாலம் பிழைத்தது, ஊர் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. ரயில் ராமேசுவரத்தோடு நின்றது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை போட்டார்கள். இப்போது காரில் போய் மாதா கோயிலின் இடிந்த சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பி விடலாம். அந்தச் சுவர் பவளக் கல்லால் ஆனது. அந்தக் கல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிடிங்டனைப் பற்றி இங்கே இன்னும் ஒன்று ஞாபகம் வருகிறது. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா நதிமுகத்தில் போர்ட் கானிங் என்று ஒரு புதுத் துறைமுகம் கட்ட அரசாங்கம் திட்டமிட்டபோது, புயல் அந்த இடத்தைத் துடைத்துவிடும், கட்டாதீர்கள் என்று அவர் 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். யாரும் கேட்கவில்லை. கட்டினார்கள். பிடிங்டன் காலமாகிச் சில வருஷங்களில், 1867-ல் வந்த புயலில் அந்தத் துறைமுகம் நாசமாயிற்று. அப்புறம் அது தலையெடுக்கவில்லை. தனுஷ்கோடிக்குப் பிடிங்டன் போல ஒருவர் கடிதம் எழுதியிருந்தாலும் கதி அதுதான் ஆகியிருக்குமோ என்னவோ!

தூத்துக்குடி, தோற்றுப் போன போட்டியாளனுக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டத்தோடு பிழைத்துக்கொண்டது. ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் 1955-ல் அமைந்த குழு தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1960-களில் வேலை தொடங்கி, கடலுக்குள் இரண்டு நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் நீண்டன. 1974 ஜூலை 11-ல் அது பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. 1914-ல் போன மரியாதை 60 வருஷம் கழித்துத் திரும்பியது. முத்துக்குளிப்புக்குத் திரும்பவில்லை. 1955-லிருந்து 1961 வரை நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. 1973-ல் தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அந்த முத்துக்குச் சுறா மந்திரவாதி வேண்டாம்.

மதிலின் கதை அதோடு முடியவில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் தீவைக் கடந்து, கீழக்கரைக்குப் பக்கத்தில் வந்து ஏறியது. 2017-ல் ஒக்கி புயலோ மதிலைத் தாண்டவே இல்லை. தெற்கே சுற்றிக்கொண்டு குமரிக் கடலில் தலைகாட்டி, ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்களை வாரிக்கொண்டது. 2020-ல் புரெவி நேர்மாறு. திருகோணமலையில் ஏறி, ஆச்சி சொன்னபடியே மூச்சு வாங்கி, பாம்பன் அருகே வந்து நகர மாட்டாமல் நின்று கரைந்தது. 2023 டிசம்பரில் புயல் என்ற பெயரே இல்லாத ஒரு காற்றுச் சுழற்சி குமரிக் கடலின் மேல் நின்றுகொண்டு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அந்த ஊரில் ஒரு வருஷ மழையைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. இந்தத் தடவை நின்றவர்கள் மீட்கப்பட்டார்கள். 2004-ல் ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினமும் குமரியும் பட்ட பாட்டுக்கு நடுவே, தூத்துக்குடி பெரும்பாலும் தப்பியது. இலங்கையின் மறைவு அன்று காப்பாற்றியது.

இலங்கை இரவல் மதில். நாம் கட்டியதல்ல, நாம் இடிக்கவும் முடியாது. ஆனால் தூத்துக்குடிக்கு இன்னொரு மதில் இருந்தது. அது சொந்த மதில். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரையில் 21 குட்டித் தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அலை கரைக்கு வருமுன் அங்கே தலையை மோதிக்கொண்டு பாதி வேகத்தை இழக்கும். அந்தப் பாறையைத்தான் முருகைக்கல் என்று வெட்டி எடுத்தார்கள். வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, ஆலைக்கு அனுப்ப என்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டன். ஆழிப்பேரலைக்குப் பிறகுதான், 2005-ஓடு அது நின்றது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் வான் தீவு தேய்ந்து ஒரு மணல் திட்டாகச் சிறுத்தது. 2015-க்குப் பிறகு அதன் எதிரே சிமென்டால் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கி வருகிறார்கள். வெட்டி எடுத்த இடத்தில் வார்த்து வைக்கிறோம். ஆச்சியின் வீட்டுச் சுவரும் முருகைக்கல்தான் என்பதை நான் ஒளிக்கப் போவதில்லை. 1992-ல் ஓடு பறந்தபோதும் அசையாமல் நின்ற சுவர் அது.

சென்ற வருஷம் பழைய துறைமுகத்தில் ஒரு முதியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தோணியின் தலைவனுக்கு அங்கே தண்டல் என்று பெயர். அவர் பாய்த்தோணி நாளில் சிறுவனாக ஏறி, தண்டலாக இறங்கியவர். 1964 டிசம்பரில் கொழும்பில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாராம்.

"அங்க மழைதான் தம்பி. பெருசா ஒண்ணும் தெரியல. பெறகுதான் ரேடியோல சொன்னான். தனுஷ்கோடிக்கு டிக்கெட் வாங்கி வச்சவன்லாம் எங்ககிட்ட வந்து, 'இனி எங்கடே போயி எறங்குறது'ன்னு கேட்டான்" என்றார்.

"புயல் வருவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா, ஐயா?"

"காத்தே இருக்காது. ஆனா பெரிய பெரிய அலையா உருண்டு உருண்டு வரும். காத்தில்லாம அலை வந்தா, எங்கயோ அடிச்சிருக்குன்னு அர்த்தம். உடனே வான் தீவுக்குப் பின்னால கொண்டு போயி நங்கூரத்த போட்டுருவோம்."

"இப்போது?"

அவர் கடலைப் பார்த்தார். கரையோரம் மாலத்தீவுக்குப் போகும் தோணி ஒன்றில் காய்கறி மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"இப்ப மோட்டார் இருக்கு, போன் இருக்கு, முன்னாடியே சொல்லிர்றான். அதெல்லாம் சரிதான். தீவுக்குப் பின்னாலன்னு சொன்னேன்லா, அந்தப் 'பின்னால'தான் இப்ப இல்ல" என்றார். பிறகு, வெயில் ஏறிவிட்டது, டீக் குடிக்கலாமா என்று கேட்டார்.